பக்கத்து வீட்டுப் பெருநாளுக்கு எந்தப் புத்தகம்?

சென்ற தவணையில் ஒரு நாள், நூலகப் பாடவேளையில் தரம் பத்து மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "டீச்சர், நோன்பு மாசத்துக்கு என்ன வாசிக்கிறதெண்டு ஒரு பட்டியல் தந்தீங்க. எங்கட பக்கத்து வீட்டு அக்காவங்களுக்கு உயிர்த்த ஞாயிறு வருது. அதுக்கும் ஏதாவது வாசிக்கலாமா?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். "அது அவங்கட பெருநாள். நமக்கென்னத்துக்கு?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. மணி அடித்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. மணி அடித்ததற்காக மட்டுமல்ல, உடனே சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை என்பதற்காகவும்தான். அந்தப் பதிலை இப்போது மலரில் எழுதுகிறேன். இது ஓர் ஆசிரியையின் சொந்தக் கருத்து. பெற்றோர்களும் வாசித்துவிட்டு உடன்படலாம், மறுக்கலாம்.

என் பதில் இதுதான்: வாசிக்கலாம். வாசிக்கவும் வேண்டும். ஆனால் எந்தப் புத்தகம், எப்படி வாசிப்பது என்பதில் கவனம் வேண்டும்.

முதலில் அந்தப் பெருநாட்கள் எவை என்று பார்ப்போம். ஏப்ரலை ஒட்டிக் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வெள்ளியும் உயிர்த்த ஞாயிறும் வருகின்றன. ஏறக்குறைய அதே நாட்களில் யூதர்களுக்குப் பாஸ்கா வருகிறது. அண்மைய ஆண்டுகளில் நமது நோன்புப் பெருநாளும் இவற்றுக்குச் சில கிழமைகள் முன்னேயோ பின்னேயோதான் வந்திருக்கிறது.

பாஸ்கா என்பது எகிப்தில் பிர்அவ்னிடம் அடிமைப்பட்டிருந்த ஒரு சமூகம் விடுதலை பெற்றதை நினைவுகூரும் நாள். அந்த இரவில் யூதக் குடும்பங்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஹகாதா என்ற நூலை வாசிக்கின்றன. வீட்டின் ஆகச் சிறிய பிள்ளை கேள்வி கேட்க வேண்டும்: இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப்போல் இல்லை? ஏன் புளிக்காத ரொட்டி? ஏன் கசப்பான கீரை? பெரியவர்கள் பதில் சொல்கிறார்கள். மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல் புறப்பட்டதால் புளிக்காத ரொட்டி. அடிமை வாழ்வின் கசப்பை மறக்கக் கூடாது என்பதால் கசப்புக் கீரை. பிள்ளை கேட்க, பெரியவர் புத்தகத்தைத் திறக்கிறார். அதுவே அந்தப் பெருநாளின் மையம்.

உயிர்த்த ஞாயிறு, ஈஸா நபி (அலை) அவர்களைப் பற்றிய கிறிஸ்தவர்களின் நம்பிக்கையோடு தொடர்புடையது. ஆனால் அதற்கு முந்திய சனி இரவில் கத்தோலிக்கத் தேவாலயங்களில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் தவறாமல் வாசிக்கப்படும் ஒரு பகுதி உண்டு. அது மூஸா நபி (அலை) அவர்களும் அவர்களுடைய மக்களும் கடலைக் கடந்த வரலாறு.

அந்த வரலாறு நமக்குத் தெரியாததா? அல்குர்ஆனில் ஆக அதிகமாகப் பெயர் சொல்லப்பட்ட நபி மூஸா (அலை) அவர்கள்தாம். நபி (ஸல்) அவர்கள் மதீனா சென்றபோது, அங்கிருந்த யூதர்கள் ஆஷூரா நாளில் நோன்பிருப்பதைக் கண்டார்கள். மூஸா நபி காப்பாற்றப்பட்டதற்கு நன்றி செலுத்தும் நோன்பு அது என்று அறிந்ததும், மூஸாவுக்கு நாமே மிக உரியவர்கள் என்று சொல்லித் தாமும் நோன்பு நோற்றார்கள். நாம் இன்றும் முஹர்ரம் மாதத்தில் நோற்கிறோம். அயலவரின் பெருநாள் எதற்கென்று கேட்டறிந்த முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மக்காவில் துன்பம் தாங்காமல் அபிசீனியாவில் தஞ்சம் புகுந்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்பும்படி குறைஷிகள் ஆள் அனுப்பியபோது, ஜஃபர் (ரழி) அவர்கள் கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷியின் முன் ஓதிக் காட்டியது ஸூரா மர்யமை. அரசர் கண்ணீர் வடித்தார். அவர்களைக் கையளிக்கவில்லை. ஓர் அயலவருக்கு நம் நூலிலிருந்து எதை எடுத்துக் காட்டுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

வேறுபாட்டை மறைக்க நான் சொல்லவில்லை. ஈஸா நபி (அலை) சிலுவையில் அறையப்பட்டார்கள் என்பதையோ, அவர்கள் இறைவனின் மகன் என்பதையோ நாம் ஏற்பதில்லை. கிறிஸ்தவர்கள் அதை ஏற்கிறார்கள். அந்த இடத்தில் இரண்டு பாதைகள் பிரிகின்றன. பிரியும் இடம் எதுவென்று தெளிவாகத் தெரிந்திருப்பது, அதைத் தெரியாமல் பயப்படுவதைவிட நல்லது.

"யூதர் பெருநாளுக்கும் புசல்லாவைக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கம்பளையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் ஏறி நம் ஊரைக் கடக்கும்போது ரொத்சைல்ட் தோட்டத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து ரொத்சைல்ட் என்ற யூதக் குடும்பத்தின் மகள் வயிற்றுப் பிள்ளைகள் மொரிஸ் வோர்ம்ஸ், கேப்ரியல் வோர்ம்ஸ் என்னும் சகோதரர்கள். அவர்கள்தாம் இங்கே கோப்பித் தோட்டம் போட்டவர்கள். 1841இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் கன்றுகளை நட்டதும் இதே மண்ணில்தான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் தேயிலையைப் பயிரிட்டுப் பெருந்தொழிலாக்குவதற்கு இருபத்தாறு ஆண்டுகள் முந்தியது இது. பாஸ்காவின் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், நாம் தினமும் பார்க்கும் மலைச்சரிவில் நடமாடியிருக்கிறார்கள்.

அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் யார்? தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்தவர்கள். வழியில் கொலராவிலும் பசியிலும் மடிந்தவர்கள் பலர். 1948இல் நாடு சுதந்திரம் பெற்றபோது குடியுரிமையை இழந்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். 2023இல், மலையகத்துக்கு இருநூறு ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். ஏன் நடந்தார்கள்? பாட்டன் பூட்டன் பட்டதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது என்பதற்காக. பாஸ்கா மேசையில் கசப்புக் கீரை வைப்பதும் அதற்காகத்தான். இதைப் புரிந்துகொண்ட மாணவி, தன் வகுப்பில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளையையும் வேறு கண்ணோடு பார்ப்பாள்.

இனி, எனக்கு ஏன் அன்று பதில் வரவில்லை என்பதைச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள். 250 பேருக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்களும் மாண்டார்கள். கொன்றவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். அந்த வெட்கத்தையும் துயரத்தையும் எழுத எனக்கு இன்னும் சொற்கள் இல்லை.

அடுத்த கிழமை ஊரெங்கும் தேடுதல். அறபு எழுத்து உள்ள எந்தப் புத்தகம் இருந்தாலும் கேள்வி வரும் என்று கதை பரவியது. முந்திய ஆண்டு திகனையில் நடந்ததை மறக்காத கண்டி மாவட்டத்துக் குடும்பங்களுக்குப் பயப்படக் காரணம் தேவையிருக்கவில்லை. எங்கள் வீட்டில் உம்மும்மாவின் கிதாபு ஒன்று இருந்தது. அறபுத் தமிழில் அச்சிட்ட நபிமார் சரித்திரம். எழுத்து அறபு, மொழி தமிழ். மழைக்காலத்து இரவுகளில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு உம்மும்மா அதை இராகமிட்டு வாசிப்பார். மூஸா நபியின் உம்மா பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடும் இடம் வந்தால் அவர் குரல் தழுதழுக்கும். நாங்கள் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்டிருப்போம்.

அந்தக் கிதாபை நான் குசினி அடுப்பில் போட்டு எரித்தேன். யாரும் வந்து எரிக்கச் சொல்லவில்லை. நானேதான். வாப்பாவின் தமிழ்ப் புத்தகங்கள் சிலவும் கூடவே போயின. மொழிபெயர்ப்போடு இருந்த குர்ஆன் பிரதியைத் தூரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பினோம். அன்றிரவு அலுமாரி வெறுமையாக இருந்தது. மனமும் அப்படித்தான்.

இரண்டு கிழமை கழித்துப் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா வந்தார். அவரைப் பார்க்கும் துணிவின்றி நான்தான் அதுவரை கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்து, தேநீரைக் குடித்துவிட்டு, மெல்லக் கேட்டார்: "கோவிச்சுக்காதீங்க டீச்சர். இதெல்லாம் ஒங்க புத்தகத்துல இருக்கா? எங்களப் பத்தி அதுல என்னதான் சொல்லியிருக்கு?"

அது குற்றச்சாட்டு அல்ல, கேள்வி. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவரின் கேள்வி. "இல்லை அக்கா, அப்படி இல்லை" என்று வாயால் சொன்னேன். எடுத்துக் காட்ட என் கையில் ஒரு நூல் இல்லை. மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது என்று காட்டியிருக்கலாம். காட்டவேண்டிய நாளில் அலுமாரி காலியாக இருந்தது. அவருடைய பெருநாளைப் பற்றி நான் ஒரு வரிகூட வாசித்திருக்கவில்லை என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. இருபது ஆண்டு அயலவர்கள் நாங்கள். அவர் வீட்டுக் கேக்கும் எங்கள் வீட்டு வட்டிலப்பமும் மதிலைத் தாண்டிப் போய்வந்தன. ஒரு புத்தகம்கூடப் போய்வரவில்லை.

புத்தகத்துக்குப் பயப்படுவது ஒரு நோய். அது ஒரு பக்கம் மட்டும் தொற்றுவதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2020 மே மாதத்தில் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞர் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலின் பேரில் கைதானார். 2021 டிசெம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வாசிக்கத் தெரியாதவர்கள் ஒரு நூலைப் பார்த்துப் பயந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் அனுபவித்தவர்கள். அதே பயத்தோடு நாம் இன்னொருவர் நூலைப் பார்க்கலாமா?

இரண்டு ஆட்சேபங்கள் வரும். இரண்டும் மதிக்கத்தக்கவை.

"பிள்ளையின் ஈமான் குழம்பிவிடாதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். தன் மார்க்கத்தை அறியாத பிள்ளை, புத்தகம் இல்லாமலும் குழம்பும். இன்று கையடக்கத் தொலைபேசியில் வருவது நூலகத்தில் இருப்பதைவிடப் பலமடங்கு குழப்பமானது. எனவே ஒழுங்கு இதுவாக இருக்கட்டும்: முதலில் நம் நூல், அதன்பின் அவர்கள் நூல். சிறு வகுப்புகளுக்கு நபிமார் கதைகள் போதும். சாதாரண தரம், உயர்தர மாணவியர் மற்றதையும் வாசிக்கலாம், வீட்டில் மறைக்காமல், உம்மா வாப்பாவோடு பேசிக்கொண்டே.

இரண்டாவது இன்னும் கடினமானது. "காஸாவில் பிள்ளைகள் சாகிறபோது யூதர் பெருநாளைப் பற்றி வாசிப்பதா?" இந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஓர் அரசு செய்வதற்காக ஒரு மதத்தைச் சேர்ந்த எல்லோரையும் வெறுப்பது எவ்வளவு அநியாயம் என்று 2019க்குப் பிறகு நம்மைவிட யாருக்குத் தெரியும்? சிலர் செய்த பாவத்துக்காகப் பஸ்ஸிலும் கடையிலும் நம்மைப் பார்த்த பார்வையை நாம் மறக்கவில்லையே. மேலும், பிர்அவ்னிடமிருந்து தப்பியவர்களின் கதையை நன்கு வாசித்தவர்தான், இன்று ஒடுக்கப்படுவோர் யார் என்பதையும் சரியாக அடையாளம் காண முடியும். அந்தக் கதை ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் கதை.

சரி, எந்தப் புத்தகம்? தெரிவுசெய்ய மூன்று உரைகற்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஒரு பெருநாளைப் பற்றி அறிய, அதைக் கொண்டாடுபவர் எழுதியதை முதலில் எடுங்கள். அதைத் தாக்குபவர் எழுதியதை அல்ல. நம்மைப் பற்றி நம் எதிரிகள் எழுதியதை மட்டும் ஒருவர் வாசித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இரண்டு, அந்தப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டு அக்காவின் முன்னால் கூச்சமின்றித் திறந்து வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அது அறிவுக்கான நூல் அல்ல, சண்டைக்கான நூல். நம் பக்கத்திலிருந்து எழுதப்பட்டதாக இருந்தாலும் அப்படித்தான்.

மூன்று, ஒற்றையாக வாசிக்காதீர்கள், சோடியாக வாசியுங்கள்.

முதலாவது சோடி: அல்குர்ஆன் தமிழ் மொழிபெயர்ப்பில் தாஹா, கஸஸ், மர்யம் ஆகிய ஸூராக்கள். பக்கத்தில் விவிலியத்தின் 'விடுதலைப் பயணம்'. பழைய மொழிபெயர்ப்பில் அதற்கு யாத்திராகமம் என்று பெயர். ஒரே வரலாறு எங்கே ஒன்றுபடுகிறது, எங்கே வேறுபடுகிறது என்று ஒரு கொப்பியில் குறித்துப் பாருங்கள். கிறிஸ்தவர்கள் பெரிய வெள்ளியில் எதற்குத் துக்கம் காக்கிறார்கள் என்று அறிய விரும்பினால், மாற்கு எழுதிய நற்செய்தி பதினாறு அதிகாரங்கள்தாம். ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம்.

தமிழில் இப்படி எல்லை தாண்டுவது புதிதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் பேர்சிவல் பாதிரியாருக்கு உதவியவர் சைவத்தின் காவலர் ஆறுமுக நாவலர். அதனால் அவருடைய சைவம் குறைந்துவிடவில்லை. 'இயேசு காவியம்' பாடிய கண்ணதாசன் இந்து. சீறாப்புராணம் தந்த உமறுப் புலவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் கடிகைமுத்துப் புலவர், அவரும் இந்துவே.

இரண்டாவது சோடி: ஆன் பிராங்கின் நாட்குறிப்பும், எம். ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பாலஸ்தீனக் கவிதைகளும்'. ஆன், வோர்ம்ஸ் சகோதரர்களின் அதே பிராங்க்பர்ட்டில் 1929இல் பிறந்தவள். நாசிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்து எழுதியவள். பதினைந்து வயதில் முகாமில் இறந்தவள். உங்கள் வயதுதான். பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குத் தந்தவர், நம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர். முதற்பதிப்பு 1981இல் வந்தது. இந்த இரண்டையும் ஒரே விடுமுறையில் வாசியுங்கள். ஒன்றுக்காக அழுபவள் மற்றதற்கும் அழுவாள் என்று நம்புகிறேன். ஒன்றுக்கு மட்டும் அழுகை வந்தால், ஏன் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது சோடி நம் மலைநாட்டுக்குரியது. தெளிவத்தை ஜோசப் கத்தோலிக்கர், மலையகத்தின் பெரிய கதைஞர். 'நாமிருக்கும் நாடே' தொகுதியிலும் 'குடைநிழல்' நாவலிலும் லயத்து மக்களின் வாழ்வையும், சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்படும் மனிதரின் அவதியையும் எழுதியவர். அதோடு சேர்த்து, கண்டியில் பிறந்த சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்'. 1885இல் வந்த, இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது. முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்விக்காக அன்றே போராடியவர் அவர். நீங்கள் இந்த மலரைக் கையில் வைத்திருப்பதில் அவருக்கும் பங்குண்டு.

இவ்வளவையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வகுப்புக்கு ஒவ்வொரு பிரதி இருந்தால் போதும். ஒக்டோபரில் வாசிப்பு மாதம் என்று பதாகை கட்டுகிறோம், நவம்பரில் கழற்றிவிடுகிறோம். பெருநாளுக்கொரு புத்தகம் என்று பழகினால், ஆண்டில் ஐந்தாறு நல்ல நூல்கள் தாமாகவே கைக்கு வரும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பெருநாள் உடுப்பு வாங்கும்போது பிள்ளைக்கு ஒரு நூலும் வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று, நம் நூல்களில் அயலவருக்குக் கொடுக்கத்தக்கதாக, எளிய தமிழில் உள்ள ஒன்றை எப்போதும் அலுமாரியில் வைத்திருங்கள். யாரும் கேட்காமல் திணிப்பதற்காக அல்ல. கேட்கும் நாளில் வெறுங்கையோடு நிற்காமல் இருப்பதற்காக.

உம்மும்மாவின் கிதாபை இனி மீட்க முடியாது. அவர் வாசித்ததில் எனக்கு நினைவிருப்பதை மட்டும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வருகிறேன். மூஸா நபி அவர்களின் பெட்டி ஆற்றில் மிதந்துபோகும் இடம்வரை வந்திருக்கிறது. சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்கா அதைக் கேட்டு வாங்கிப்போய் வாசித்தார். திருப்பித் தரும்போது, தமது விவிலியத்தையும் அதே பக்கத்தில் அடையாளம் வைத்துக் கொண்டுவந்தார். "எங்களுக்கும் இதே கததான் டீச்சர். எங்கள்ல பிள்ளைக்குக் காவல் நிக்கிறது அக்காக்காரி" என்றார். "எங்களிலும் அக்காக்காரிதான் பின்னாலேயே போவாள்" என்றேன்.

கேள்வி கேட்ட மாணவிக்கு: உன் நூலகப் பட்டியலில் இனி ஒரு வரி கூட்டி எழுதிக்கொள், மகளே. எழுதியதும் என்னிடம் வா. முதல் புத்தகத்தை நான் தருகிறேன்.